டாக்டருக்கும் நமக்கும் நடுவில்

எட்டயபுரம் என்றதும் எல்லோரும் பாரதியைத்தான் சொல்வார்கள். பக்கத்து அயன் வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமியை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே அதிகம் தெரியாது. 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகும் கத்தி பிடித்து, லட்சத்துக்கு மேல் கண் ஆபரேஷன் செய்தவர்.

அந்த மருத்துவமனை சின்ன ஊர்களில் பார்வை மையங்கள் நடத்துகிறது. அங்கே கண் டாக்டர் இருக்கமாட்டார். பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கண்ணைச் சோதித்துப் படம் எடுத்து அனுப்புவார். தூரத்தில் இருக்கும் டாக்டர் திரையில் வந்து நோயாளியோடு பேசுவார். சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பே, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் துணையோடு, தேனிப் பக்கம் தொலைதூர வைஃபை அமைத்து இதைச் செய்திருக்கிறார்கள். கண்ணில் புரை இருக்கிறதா என்று பார்க்க மட்டும் ஒருநாள் கூலியையும் பஸ் காசையும் விடவேண்டியதில்லை. களையெடுப்பு நாளில் ஒரு கூலி போனால் என்ன என்று கரிசல்காட்டுக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவமும் இந்த வகைதான். பிரஷர் பார்க்கும் கருவியும் சர்க்கரை பார்க்கும் கருவியும் பையில் போட்டுக்கொண்டு ஒரு பெண் வீட்டு வாசலுக்கே வருகிறார், மாத்திரையும் கொடுக்கிறார். இதையெல்லாம் நான் மனதார வரவேற்கிறேன்.

ஆனால் டாக்டர் எதிரிலேயே இருக்கும்போதும் நடுவில் ஒரு திரை வந்து உட்கார்ந்துகொள்கிறதே, அதுதான் ஒப்பவில்லை.

என் அக்காவுக்கு எழுபத்தெட்டு வயது. சர்க்கரை இருக்கிறது. ஒரு தனியார் மருத்துவமனைக்கு (பெயர் வேண்டாம்) மாதாமாதம் போய்வருவாள். ஒருமுறை கால்விரல் இடுக்கில் உடைமுள் குத்திப் புண்ணாகியிருக்கிறது. சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி மங்கிவிடும் அல்லவா, வலியே இல்லை. கொஞ்சம் கசிவு மட்டும். டாக்டர் ரத்தப் பரிசோதனை எண்களைக் கம்ப்யூட்டரில் பார்த்தார், தட்டினார், சீட்டு அச்சாகி வந்தது. அவ்வளவுதான்.

"காலைக் காட்ட வேண்டியதுதானே?" என்றேன்.

"அவரு தலையத் தூக்காம டைப் அடிச்சிக்கிட்டு இருக்காருடா தம்பி. நடுவுல நான் எப்படிக் காலத் தூக்கிக் காட்ட?" என்றாள்.

மாத்திரை கொண்டுவந்த பெண்தான் திண்ணையில் வைத்து அதைக் கண்டுபிடித்தார். "பாட்டி, இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்று அவர் பிடிவாதம் பிடித்ததால் விரல் தப்பியது.

டாக்டர்களையும் குறை சொல்லிப் பயனில்லை. வெளியே ஐம்பது பேர் காத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் பதிந்தே ஆகவேண்டும். அந்தப் பதிவிலும் நன்மை உண்டு. முன்பெல்லாம் மஞ்சப்பை நிறையச் சீட்டுகளைச் சுமந்துபோவோம், வேண்டிய சீட்டு மட்டும் அதில் இருக்காது!

பெரிய மருத்துவமனைகளில் இப்போது சீட்டு வாங்கும் இடத்திலேயே க்யூஆர் கோடு ஒட்டியிருக்கிறார்கள். 14 இலக்க ஆபா எண் இருந்து, போனில் ஸ்கேன் செய்தால் வரிசையில் நிற்காமல் டோக்கன் கிடைக்கும். இளைஞர்களுக்குச் சுலபம். அக்காவின் ஆதாரோடு இருப்பது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் அவள் மகனின் நம்பர். ஓடிபி அவனுக்குப் போகும். ஷிப்டில் இருக்கிறவன் எப்படி எடுப்பான்? ஆதார் மையத்துக்குக் கூட்டிப்போய் அவளுடைய பட்டன் போனின் நம்பரை மாற்றிக்கொடுத்த பிறகுதான் நிம்மதி. உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால் முதலில் அதைச் செய்துவிடுங்கள்.

அக்கா இப்போது டாக்டர் அறைக்குள் போனதும் முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றிவிடுகிறாள். "மொதல்ல காலப் பாத்துட்டு அப்புறம் டைப் அடிங்கய்யா" என்கிறாளாம். அவரும் சிரித்துக்கொண்டே குனிந்து பார்க்கிறாராம்.