யானை நோட்டும் சோழிக் காசும்

ஞாயிறு காலை, டெல்லி ஜாமா மசூதிப் பக்கம். பழைய நோட்டு விற்கும் பெரியவர் ஆல்பத்தைத் திறந்தார். கினியா, கினியா பிசாவ், ஈக்வடோரியல் கினியா மூன்றும் ஒரே உறைக்குள் கிடந்தன. எனக்கு வேண்டியது முதலாவது. பிரான்சுக்கு 'வேண்டாம்' சொன்ன கினியா.

கிடைத்தது 10 ஸிலி, 1980. முன்பக்கம் லுமும்பா. அவர் காங்கோக்காரர், அயல்நாட்டுத் தலைவரைத் தன் பணத்தில் போட்ட நாட்டின் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

சூசூ மொழியில் ஸிலி என்றால் யானை. 1 ஸிலிக்கு 100 'கோரி'. பெரியவரிடம் சொன்னதும், "கௌடியா?" என்றார். கௌடியேதான், நம் சோழி. மாலத்தீவுக் கடலில் எடுத்த சோழியைக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோய் மேற்கு ஆப்பிரிக்காவில் அடிமைகளை விலைக்கு வாங்கினார்கள் ஐரோப்பியர்கள். அந்தப் பெயரையே 1971-இல் தன் சில்லறைக்கு வைத்துக்கொண்டது கினியா. இதை நினைத்தால் மனசு கனக்கிறது.

1958 செப்டம்பர் 28. தங்களோடு இருப்பதா என்று பிரான்சின் டி கோல் நடத்திய வாக்கெடுப்பில் கினியாவில் 100-க்கு 95 பேர் 'வேண்டாம்' என்றார்கள். அக்டோபர் 2-இல் விடுதலை. 1960 மார்ச்சில், பிரான்ஸ் தன் ஆப்பிரிக்கக் காலனிகளுக்குத் தந்த சிஎஃப்ஏ பிராங்கை விட்டுச் சொந்தப் பணம். பிரெஞ்சு உளவுத்துறை கள்ளநோட்டு அடித்து உள்ளே விட்டது. செனகலும் ஐவரி கோஸ்டும் இன்றும் சிஎஃப்ஏவில்தான். அந்த நோட்டுகள் பிரான்சில் அச்சாகின்றன. வரிசை எண்ணோடு வரும் எழுத்தில் நாடு தெரியும்: கே என்றால் செனகல், ஏ என்றால் ஐவரி கோஸ்ட். அவற்றையும் சேர்க்கிறேன், ஆனால் கை முதலில் போவது கினியாவுக்கு.

கினியா வாக்கெடுப்புக்கு நான்கு வருஷம் முன்னால், 1954 அக்டோபர் 18-இல், பிரான்சிடம் இருந்த நம் புதுச்சேரியின் கீழூரிலும் வாக்கு. 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். இந்தோசீனா வங்கி புதுச்சேரிக்கு அடித்த 'ரூப்பி' நோட்டும் அதோடு போயிற்று. அதே வங்கி ஆப்பிரிக்காவில் ஜிபூத்திக்கும் நோட்டு அடித்தது. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்க ஆசை. புதுச்சேரி நோட்டு இன்னும் கைக்கு எட்டாத விலை.

வாங்குமுன் நோட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இஸ்திரி போட்டிருந்தால் மடிப்பு மறையும், ஆனால் கோடு மெலிதாகத் தெரிந்துவிடும். என் ஸிலி நோட்டில் அது இல்லை.

அது வந்த பிவிசி உறை டெல்லி வெயிலுக்கு இளகி நோட்டில் ஒட்டும். இன்றே பாலியஸ்டர் உறைக்கு மாற்ற வேண்டும். அடுத்த வாரம் 1960 கினியா பிராங்க் கொண்டுவருவதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார்.