திண்டுக்கல்லில் ஒரு புதுநன்மை

திண்டுக்கல் என்றால் மலைக்கோட்டை, பூட்டு, சிறுமலை வாழைப்பழம் என்று அடுக்குவோம். இந்தத் தடவை நான் போனது தங்கை மகளின் புதுநன்மைக்காக.

ஊரின் பெரிய கோயில் புனித வளனார் ஆலயம். 1866-ல் தொடங்கி 1872-ல் கட்டி முடித்தார்கள். 2003-ல் திண்டுக்கல் தனி மறைமாவட்டமானதும் இது பேராலயமாயிற்று. முன்காலத்தில் பத்துப் பன்னிரண்டு வயதுக்குப் பிறகே புதுநன்மை கொடுப்பது பல ஊர்களில் வழக்கம். நல்லது கெட்டது புரியும் வயது, ஏறக்குறைய ஏழு, போதுமென்று 1910-ல் பாப்பரசர் பத்தாம் பயஸ் மாற்றி வைத்தார்.

எங்கள் சின்னவளுக்கு எட்டு வயது. மந்திரமெல்லாம் கடகடவென்று ஒப்பிப்பாள். ஆனால் முதல் பாவசங்கீர்த்தனம் நெருங்க நெருங்க ராத்திரியில் தூக்கமில்லை. சோறும் இறங்கவில்லை. தனியே மொட்டை மாடிக்குக் கூட்டிப் போய் விசாரித்தேன்.

"பெரியம்மா, நான் சொல்றதை ஃபாதர் அம்மாகிட்டச் சொல்லிடுவாரா?"

இதுதான் அத்தனை பயமும்! "அங்கே கேட்டதை அவர் யார்கிட்டயும் சொல்லவே கூடாதுடா. அது திருச்சபைச் சட்டம். அம்மாவே போய்க் கேட்டாலும் சொல்ல மாட்டார்" என்றேன். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

அடுத்த சிக்கல் சாப்பாடு. "நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணிகூடப் பல்லில் படக்கூடாது" என்றார் அவளுடைய அப்பத்தா. அவர் காலத்தில் அப்படித்தான். 1953-லேயே தண்ணீருக்குத் தடை நீங்கிவிட்டது. 1964 முதல் நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நிறுத்தினால் போதும். மருந்துக்கும் தடையில்லை. பொறுமையாக எடுத்துச் சொன்னதும் அப்பத்தாவே ஆறு மணிக்கு இரண்டு இட்லி ஊட்டிவிட்டார். எட்டு மணிப் பூசை முடியும்வரை குழந்தை வாடவில்லை.

வெள்ளைக் கவுனுக்குக் கடன் வாங்க வேண்டாமென்று தங்கை பருத்தித் துணியில் வீட்டிலேயே தைத்தாள். ஓரத்தில் நாலு விரல் மடிப்பு விட்டதால், பிரித்துவிட்டால் கிறிஸ்துமஸுக்கும் ஆகும்.

தாய்மார்களே, கவுன், மெழுகுவர்த்தி, விருந்து எல்லாம் எப்படியும் நடந்துவிடும். அதற்கு முந்தின வாரம் குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "உனக்கு எதில் பயம்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.