கிழிஞ்ச இலை சொன்ன பாடம்!

பாண்டிச்சேரி என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ராக் பீச், ஒயிட் டவுன், செமஸ்டர் முடிந்த மறுநாளே கிளம்பும் பைக் கூட்டம்... மிஞ்சிப்போனால் நோணாங்குப்பம் சுண்ணாம்பாறு போட் ஹவுஸ். அத்தோடு நம்ம மேப் ஓவர்! ஆனால், கடலூர் போகிற பஸ்ஸில் போட் ஹவுஸையும் தாண்டி உட்கார்ந்திருந்தால், கொஞ்ச நேரத்தில் கண்டக்டர் ‘‘தவளக்குப்பம்லாம் எறங்கு’’ என்று குரல் கொடுப்பார். இந்த வாரம் நாம இறங்கப்போவது அங்கேதான் மக்களே!

சந்திப்பில் நின்று சுற்றிப் பார்த்தால், எங்கே திரும்பினாலும் வாழைதான். டீக்கடை வாசலில் கயிற்றில் தொங்கும் தார். எண்ணெய்ச் சட்டியில் மிதக்கும் வாழைக்காய் பஜ்ஜி. பக்கத்தில் பூ கட்டும் அம்மாவின் விரல் இடுக்கில், தண்ணீரில் நனைத்த வாழை நார். எதிர்ப்பக்கம் கல்யாண மண்டபத்துக்குப் போகிற டெம்போவில் குலையோடு ரெண்டு வாழை மரம் படுத்துக்கொண்டு போகுது. ஒரே செடிக்கு எத்தனை வேஷம் பாருங்க!

மேற்கே அபிஷேகப்பாக்கம் ரோட்டில் திரும்பினால் ஹாரன் சத்தம் மெதுவாக அடங்குகிறது. நெல், கரும்பு, சவுக்கு, நடுநடுவே வாழைக் கொல்லை. (இந்தப் பக்கம் தோட்டத்தைக் ‘கொல்லை’ என்றுதான் சொல்வார்கள்.) அதற்கும் நடுநடுவே வீட்டு மனைக் கல். அந்தக் கல்லை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

நான் சும்மா ஊர் சுற்ற வரவில்லை. படிப்பது மெக்கானிக்கல். பையில் ஒரு பிளான் இருந்தது... வாழைத்தண்டில் இருந்து நார் பிரிக்கிற மெஷின்! சென்னை அனகாபுத்தூரில் நெசவாளர்கள் வாழை நாரில் சேலையே நெய்கிறார்கள். ஜப்பான் நாட்டு ரூபாய் நோட்டுக்கு, வாழைக்கு ஒண்ணுவிட்ட சொந்தமான அபாகாவின் நாரைச் சேர்க்கிறார்கள். வெட்டி எறிகிற தண்டை நாரா மாத்தினா விவசாயி லட்சாதிபதி! இதுதான் என் தியரி. ரோட்டோரக் கொல்லையில் கன்று பிடுங்கிக்கொண்டிருந்த பெரியவரிடம் போய் ஒரே மூச்சில் கொட்டினேன்.

முழுசாகக் கேட்டார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். ‘‘மெஷினு கெடக்கட்டும் தம்பி. மொதல்ல இந்த எல ஏன் கிழிஞ்சிருக்குன்னு சொல்லு பாப்போம்’’ என்றார்.

‘‘காத்துல கிழிஞ்சிருக்குங்கய்யா...’’

‘‘கிழியலன்னா?’’

ஙே என்று முழித்தேன். இன்ஜினீயரிங் ஸ்டூடண்ட் வாங்கிய முதல் பல்பு!

மரமே இல்ல பாஸ்!

விஷயம் இதுதான். வாழை மரமே கிடையாது. நாம தண்டு என்று நினைப்பது ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றிய இலை மட்டைகள். நிஜத் தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. வேர் ஆழமாகவும் போகாது. இப்படி ஒரு உடம்பு, உச்சியில் தாரையும் ஆள் உயர இலைகளையும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கிளாஸில் படிச்ச கேண்டிலீவர் பீம் ஞாபகம் வருதா? இலை கிழியாமல் இருந்தால், காற்றில் அது கப்பல் பாய் மாதிரி ஆகி மொத்தச் செடியையும் இழுத்துச் சாய்த்துவிடும். குறுக்கு நரம்பு வாட்டத்தில் கிழிந்துகொண்டால் காற்று ஊடே போய்விடும். கிழிவது டேமேஜ் இல்லை, டிசைன்!

‘‘ஆனா கிழிஞ்ச எலய எவன் வாங்குறான்? வாழ பொழைக்க எல கிழியணும், நான் பொழைக்க எல கிழியக் கூடாது’’ என்று சிரித்தார் பெரியவர். அதனால்தான் கொல்லை ஓரம் முழுக்க அகத்தி நட்டிருக்கிறார், காற்றுக்குத் தடுப்பாக. தார் போட்ட வாழைக்கெல்லாம் சவுக்குக் கழி முட்டு.

அதுவும் ஓரளவுக்குத்தான். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரை ஏறியது புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில், அதாவது இந்த வாசலில்தான். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல். அடித்த மழை போதாதென்று, அடுத்த ஒன்றிரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை கரை புரள, பாகூர் பக்கத்து ஊர்களுக்குள் வெள்ளம். சொர்ணாவூர் அணைக்கட்டு, பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரியை நிரப்பி அந்தப் பகுதியை வாழவைக்கிற அதே ஆறு!

‘‘காத்துல சாஞ்சது பாதி. நாலு நாளு தண்ணி நின்னு வேரு அழுவுனது பாதி. பத்து மாசம் பாத்த புள்ள மாரி... தார் தள்ளி நின்னுது தம்பி’’ என்றவர், கொஞ்ச நேரம் பேசவில்லை. 

கன்று நட்டு தார் வெட்ட ஏறக்குறைய ஒரு வருஷம். அந்த ஒரு வருஷப் பணமும் கடைசி நாள் ஒரே தடவையாகத்தான் கையில் வரும். முதல் நாள் ராத்திரி காற்றடித்தால்? ஜீரோ!

இலையா, தாரா?

அதனால்தான் ஃபெஞ்சலுக்கு அப்புறம் பெரியவர் கொல்லையை ரெண்டாகப் பிரித்துவிட்டார். ஒரு பாதி தாருக்கு. இன்னொரு பாதி இலைக்கு மட்டும்!

இலைக்கு என்றால் பூவன். இலை மெல்லிசு, மடித்தாலும் சட்டென்று உடையாது. தாருக்கு விடுகிற கொல்லையில் பக்கக்கன்றைப் பிடுங்கிப் போடுவார்கள். இலைக் கொல்லையில் விட்டுவிடுவார்கள். சில மாதத்திலேயே அறுப்பு ஆரம்பம், அப்புறம் முறை வைத்து அறுத்துக்கொண்டே இருக்கலாம். முகூர்த்த மாதத்தில் நல்ல விலை. முகூர்த்தம் இல்லாத மாதத்தில் கட்டு கேட்பாரில்லை.

‘‘ரெண்டும் ஒரே மரத்துல எடுக்கலாமே?’’ என்று அடுத்த பல்புக்குத் தயாரானேன்.

‘‘பூ தள்ளுறப்ப ஏழெட்டு எலயாவது நிக்கணும்பா. எலதான் அதுக்கு அடுப்பு. அடுப்ப அறுத்துட்டு சோறு கேட்டா எப்டி?’’

சரி, என் மெஷின்? கணக்குப் போட்டோம், கொல்லை வரப்பில் உட்கார்ந்து. 6 அடிக்கு 6 அடி நட்டால் ஏக்கருக்கு 1,210 வாழை. தண்டில் 90 சதவீதம் தண்ணீர். பத்து கிலோ தண்டில் நார் சுமார் நூறு கிராம் தேறினால் பெரிய விஷயம். தண்டை மெஷின் இருக்கிற ஊருக்கு டெம்போவில் கொண்டுபோனால்? ‘‘தண்ணிய தூக்கினு போவ டீசல் செலவு பண்ணணுமா!’’ என்றார். தண்டு மெஷினைத் தேடிப் போகக் கூடாது, மெஷின்தான் கொல்லையைத் தேடி வரணும். அதுவும் ஒரு ஆளுக்குக் கட்டாது, பல விவசாயிகள் சேர்ந்து வாங்கணும். என் ரெண்டு வருஷப் படிப்பில் வராத டிசைன் ரிவ்யூ, ஒரு வரப்பில் முடிந்தது!

இலையில் விழுந்த பாடம்

மதியம் அவர் வீட்டிலேயே சாப்பாடு. அம்மா திண்ணையில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு பூவிலும் நடுவில் நிற்கும் கள்ளன் நரம்பையும், கண்ணாடி மாதிரி இருக்கிற சின்ன இதழையும் எடுத்து எறியணும். ‘‘ஒரு கள்ளன் தப்பிச்சாலும் வேவாதுப்பா’’ என்றார். உதவுகிறேன் என்று உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் விரலெல்லாம் கறுப்பு! தண்டை வட்டமாக நறுக்கி, நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்து, கறுக்காமல் இருக்க மோர்த் தண்ணீரில் போடுவது அடுத்த ஸ்டெப்.

நுனி இடது கைப்பக்கம் வர இலை போட்டார்கள். வாழைப்பூ வடை, தண்டுக் கூட்டு, மொந்தன் காய் வறுவல், கடைசியில் ஒரு பூவன் பழம். இலையை மாடு சாப்பிட்டது. மிச்சம் என்று எதுவும் இல்லை. நம்ம ஹாஸ்டலில் இதையே ‘ஜீரோ வேஸ்ட்’ என்று போஸ்டர் ஒட்டி செமினார் நடத்துவோம்!

அங்கேதான் எனக்குத் தெரிந்த ஒரே ஒரு உருப்படியான தகவலைச் சொன்னேன். 2021 ஊரடங்கில் கர்நாடகாவில் வாழை விலை விழுந்தபோது, பல வீடுகளில் பச்சைக் காயைச் சீவி, வெயிலில் காயவைத்து, மாவாக அரைத்தார்கள். ‘பாக்காஹு’ என்று பேர். ரொட்டி, தோசை, பலகாரம் எல்லாம் அதில் செய்தார்கள். மெஷின் பெரிசாக இல்லை. கத்தி, வெயில், மிக்ஸி!

அம்மா நிமிர்ந்து பார்த்தார். ‘‘மே மாசக் காத்துல சாயுற தாரெல்லாம் அடிமாட்டு வெலைக்குத்தான் போவுது. அடுத்த நாளே வெயிலு கொளுத்தும். அத பண்ணலாமே’’ என்றார். முக்கால்வாசி முற்றிய காய் என்றால் மாவு நன்றாக வரும். ஆனால் ‘‘ஐப்பசி, கார்த்திகைப் புயலுக்கு வெயிலுக்கு எங்க போறது?’’ என்று அவரே கேட்டார். நம்ம புராஜெக்ட்டுக்கு இதைவிட நல்ல கேள்வி யார் தருவார்? நார் மெஷினை ஓரமாக வைத்துவிட்டு, மழைக் காலத்திலும் ஓடுகிற ஒரு சின்ன உலர்த்திக்குப் படம் போட ஆரம்பித்திருக்கிறேன்.

வாழையடி வாழையா? உஷார்!

உலகில் வாழை அதிகம் விளைவது இந்தியாவில்தான், மொத்தத்தில் கால் பங்குக்குக் கிட்டே. ஆனால் ‘வாழையடி வாழை’ என்று வாழ்த்துகிறோமே, அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பக்கக்கன்று தாயின் அச்சு அசல் நகல். ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும். ஒரு காலத்தில் வெளிநாட்டுச் சந்தையை ஆண்ட ‘குரோ மிஷேல்’ என்ற ரகம், பனாமா வாடல் நோயால் 1960-களுக்குள் சந்தையை விட்டே போனது. இப்போது கடைகளில் பளபளக்கும் கேவண்டிஷ் ரகத்தை அதே நோயின் புது அவதாரம் துரத்துகிறது. இந்தியாவிலும் வந்துவிட்டது. 1993-ல் திருச்சியில் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் முன்னூறுக்கும் மேற்பட்ட வகைகளைச் சேர்த்துப் பாதுகாப்பது சும்மா இல்லை. நாமும் கடையில் பேயன், மொந்தன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி என்று பேர் சொல்லிக் கேட்டால்தான், கொல்லையில் அதெல்லாம் நிற்கும்.

கிளம்பும்போது பெரியவர் ரோடு வரைக்கும் வந்தார். பக்கத்து மனைக் கல்லைக் காட்டினார். ‘‘பையன் பிளாட் போட்ரலாம்பான்றான். இந்த எல வெள்ளாம கை குடுத்தா இன்னும் கொஞ்ச நாளு பாப்பேன்’’ என்றார்.

சந்திப்புக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றேன். நைட்டுக்கு ரெண்டு இட்லி பார்சல் கேட்டேன். கடைக்காரர் எடுத்தது, பச்சை கலரில் நரம்பெல்லாம் அச்சடித்த பிளாஸ்டிக் இலை! தமிழ்நாட்டில் 2019-லும், நாடு முழுக்க 2022 ஜூலையிலும் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தும், வாழைக் கொல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் இந்த நிலைமை.

‘‘அண்ணே, நெஜ இலை இருக்கா?’’

‘‘ஓரம் கிழிஞ்சிருக்கு தம்பி, பரவால்லயா?’’

‘‘கிழிஞ்சதே குடுங்கண்ணே!’’