விளக்குக்குத் தெரியாதது

ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை என்றால் ஆட்டுச்சந்தை. இறைச்சி ஊராருக்கு, தோல் ஆம்பூர்ப் பக்கத்துக்கு. அந்தத் தோலின் பின்னாலேயே ஊரைவிட்டுப் போனவர்கள் நாங்கள் இருவரும். ஆம்பூரில் தோல் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை.

எங்கள் பொறுப்பில் இருப்பது எச்.பி.எல்.சி. கருவி. கரைசலை எஃகுக் குழலொன்றின் வழியே அழுத்திச் செலுத்தினால், உள்ளிருக்கும் பொருள்கள் பிரிந்து ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரும். வாசலில் ஒரு புற ஊதா விளக்கு. கடந்துபோகும் பொருள் அவ்வொளியை விழுங்கினால் திரையில் சிகரம் எழும். இல்லையேல் கோடு கிடையாகவே ஓடும்.

தோலில் தங்கிவிடும் ஃபார்மால்டிஹைடு இவ்விளக்குக்குச் சரியாகப் பிடிபடாது. ஆகவே டி.என்.பி.எச். என்னும் வினைப்பொருளைச் சேர்ப்போம். இரண்டும் கூடி மஞ்சள் நிறச் சேர்மமாகும், பிறகு தப்ப முடியாது. 'சட்டை போட்டுவிடுதல்' என்பது எங்கள் பரிபாஷை. சேர்ந்த புதிதில் ஒருநாள் சட்டை போட மறந்துவிட்டோம். கோடு கிடையாக வந்தது. 'இல்லை' என்று எழுதப்போன எங்களை மூத்தவர் ஒருவர் தடுத்தார்: "வினைப்பொருளோட சிகரமே காணோம், அதக்கூடப் பாக்கலியாப்பா?" அன்று பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

2025 அக்டோபரில் அது வேறு விதமாகத் திரும்பி வந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்திருந்தார்கள். அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழக அரசின் ஆய்வில் அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் இருந்தது தெரிந்தது. அனுமதிக்கப்படும் அளவு 0.1 சதவீதம். 1972இல் சென்னையில் குழந்தைகளைக் கொன்றதும் இதே பொருள்தான்.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது தெருவில் ஓர் அக்கா மருந்துப் புட்டியோடு வந்தார். வேறு நிறுவனத்துடையதுதான். பிள்ளைக்கு இருமல். "உங்க மிஷின்ல வெச்சுப் பாத்துச் சொல்லுங்கப்பா."

எங்கள் கருவியால் ஆகாது என்று சொல்ல வேண்டியிருந்தது. கோல்ட்ரிஃபில் இருந்த பாராசிட்டமால், ஃபினைலெஃப்ரின், குளோர்ஃபெனிரமின் மூன்றும் விளக்குக்கு நன்றாகத் தெரியும். மூன்று அழகிய சிகரங்கள் எழுந்திருக்கும். கிளைகாலின் மூலக்கூறில் இரட்டைப் பிணைப்பும் இல்லை, வளையமும் இல்லை. அவ்வொளியை விழுங்க அதற்கு வாய் கிடையாது. ஒளிவிலகல் எண்ணைக் கொண்டு அறியும் கருவி இருந்தால் காட்டும். அதில் அறையின் சூடு சற்று மாறினாலும் கோடு நெளியும், கரைப்பானின் விகிதத்தை நடுவில் மாற்றவும் முடியாது. ஆனாலும் அது காட்டும். எங்கள் கூடத்தில் அது இல்லை. மருந்துக்கூடங்களில் இதற்கென்று வழக்கமாகப் பயன்படுவது வாயு நிறப்பகுப்பு.

அக்கா பொறுமையாகக் கேட்டார். "அப்போ பாதி புட்டி விஷமா இருந்தாலும் உங்க மிஷினு நல்ல மருந்துன்னுதான் சொல்லுமா?"

ஏறக்குறைய அப்படித்தான் என்றோம்.

புட்டியை எங்கள் கையிலேயே விட்டுவிட்டு, கற்பூரவல்லி பறிக்கக் கொல்லைப் பக்கம் போய்விட்டார்.