முதிர்ந்தவரைக் கைமாற்றும்போது



அஸருக்குப் பின் மாணவர்கள் கூடைப்பந்து ஆடும் வேளையில் நாம் திண்ணையில் அமர்ந்திருப்பது வழக்கம். ஒருநாள் மாணவர் ஒருவர் வந்து, "ஹஜரத், பயிற்சியாளரையும் வயது முதிர்ந்த வீரரையும் ஒரே பேரத்தில் கைமாற்றுவது முறைதானா?" எனக் கேட்டார். 2013-இல் அமெரிக்காவில் பேசப்பட்ட ஒரு பேரத்தைப் பற்றி அவர் படித்திருந்தார். விளையாட்டுப் பேச்சுத்தானே என்று அதைத் தள்ளிவிட எமக்கு மனம் வரவில்லை.

செய்தி இதுதான். பாஸ்டன் செல்டிக்ஸ் அணி 2008-இல், 22 ஆண்டுகளுக்குப் பின், கோப்பையை வென்றது. டாக் ரிவர்ஸ் அதன் பயிற்சியாளர். கெவின் கார்னெட் அதன் தூண்களுள் ஒருவர். 2013-இல் அணி முதல் சுற்றிலேயே வீழ்ந்தது. கார்னெட்டுக்கு அப்போது வயது 37. ரிவர்ஸ், கார்னெட் இருவரையும் லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, 25 வயதை எட்டாத டியாண்ட்ரே ஜோர்டானையும் புதிய வீரர்களுக்கான முதல் சுற்றுத் தேர்வுரிமையையும் பெறுவதே பேசப்பட்ட பேரம்.

எமது முதல் எண்ணம் கடுமையாகவே இருந்தது. உழைத்துத் தேய்ந்தவரைச் சந்தைக்கு அனுப்புவது நன்றி கொன்ற செயல் அல்லவா? நாற்பதைக் கடந்துவிட்ட எமக்குள் அந்தக் கேள்வி சற்று உரக்கவே ஒலித்தது.

ஆயினும் தீர்ப்புக்கு முன் விசாரணை வேண்டும். இங்கே கைமாறுவது மனிதர் அல்லர். அவரது உழைப்பைக் குறித்த ஒப்பந்தம். கூலிக்கு அமர்த்துவதை நம் ஃபிக்ஹ் நூல்கள் 'இஜாரா' என்னும் தலைப்பில் பேசுகின்றன. அங்கே உழைப்புக்கே விலை, ஆளுக்கு இல்லை. கார்னெட்டின் ஒப்பந்தத்தில், தம்மை வேறு அணிக்கு மாற்றுவதை மறுக்கும் உரிமையும் இருந்தது. அவர் இசையாமல் எதுவும் நடந்திருக்க இயலாது. ரிவர்ஸும் புதிதாக ஓர் அணியைக் கட்டி எழுப்பும் நெடும்பணியில் நாட்டமின்றி இருந்தார். ஆகவே, துரத்தப்பட்டார்கள் என்று சொல்வது நீதியாகாது.

லீக் நிர்வாகமோ வேறொரு காரணத்தால் குறுக்கிட்டது. பயிற்சியாளரின் ஒப்பந்தத்தை வீரர்களோடு பிணைத்துப் பரிமாற விதிகளில் இடமில்லை என்றது. முடிவில் ரிவர்ஸ் மட்டும், 2015-ஆம் ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வுரிமைக்கு ஈடாக, கிளிப்பர்ஸுக்குச் சென்றார். கார்னெட் தம் மறுப்புரிமையைத் தளர்த்தி, 15 ஆண்டுகள் பாஸ்டனில் ஆடிய பால் பியர்ஸுடன் புரூக்ளின் நெட்ஸுக்குப் போனார்.

பின்னர் நிகழ்ந்தது சிந்திக்கத் தக்கது. பாஸ்டனில் கடைசிப் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 14.8 புள்ளிகள் எடுத்த கார்னெட், புரூக்ளினில் முதல் பருவத்தில் 6.5 மட்டுமே எடுத்தார். பியர்ஸ் ஓராண்டில் விலகினார். நெட்ஸ் கொடுத்த தேர்வுரிமைகளின் வழியாகவே ஜெய்லன் பிரவுனும் ஜேசன் டேட்டமும் பாஸ்டனுக்கு வந்தனர். அவர்களைக் கொண்டு அந்த அணி 2024-இல் மீண்டும் கோப்பையை வென்றது.

அப்படியானால் தவறியவர் யார்? விற்றவர் அல்லர் என்றே எமக்குத் தோன்றுகிறது. கடந்த காலப் புகழை வருங்கால ஆற்றல் என்று எண்ணி, பல ஆண்டுகளின் விளைச்சலை முன்கூட்டியே அளந்து கொடுத்த வாங்கியவரே தவறினார். முதியவரிடம் உள்ளது அனுபவம். அதை வேகத்தின் விலைக்கு வாங்கினால் நட்டம் வாங்கியவருக்கு, மனவேதனை முதியவருக்கு.

மாணவரிடம் நாம் கூறிய விடை மூன்று நிபந்தனைகளாக அமைந்தது. கைமாறுபவரின் மனமார்ந்த இசைவு வேண்டும். மறைவு இல்லாத பேச்சு வேண்டும். அவர் செய்த பணிக்குரிய கண்ணியம் குறையாதிருக்க வேண்டும். இம்மூன்றும் இருந்தால் பிரிவு அநீதியாகாது. ஒன்று குறைந்தாலும், இலாபக் கணக்கு அதை ஈடு செய்யாது.

மாணவர் தலையசைத்துவிட்டு ஆடச் சென்றார். நாம் மட்டும் சற்று நேரம் அங்கேயே அமர்ந்திருந்தோம். எமது குரல் தளரும் நாளில் இடத்தை இளையவருக்கு விட்டுக்கொடுக்க நாமும் மனமார இசைவோமா? அக்கேள்விக்கு அன்று எம்மிடம் விடை இல்லை.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.