ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம்

பி.எட். பட்டம் பெற்றவர் ஆசிரியர் தகுதித் தேர்வில் தவறினால், படித்தது போதவில்லை என்று எளிதில் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். மெட்ரிகுலேஷனோடு நின்று ரயில்வே குமாஸ்தாவான நாம் இதுபற்றிப் பேசுவது மிகையாகத் தோன்றலாம். எனினும் எமது இல்லத்தில் கண்டதை அன்பர்கள் முன் வைக்கிறோம்.

எமது துணைவியார் திருநெல்வேலியில் தமிழ்வழியில் கணிதமும், பின்னர் பி.எட்.டும் பயின்றவர். மணமாகி நாகபுரிக்கு வந்தபின், 2011 முதல் நடைபெற்றுவரும் மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வை எழுதினார். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போருக்கான இரண்டாம் தாள் அது. வினாக்கள் 150, நேரம் இரண்டரை மணி. ஆக, ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம். பொதுப்பிரிவினர் தேற 90 மதிப்பெண் வேண்டும். அவர் பெற்றது 83.

அந்த ஏழு மதிப்பெண் குறைந்தது கணிதம் தெரியாமையால் அன்று. மொழிப் பகுதிக்கு 20 மொழிகளுள் தமிழையும் தேர்ந்துகொள்ளலாம். ஆயின் கணிதமும் அறிவியலும் சேர்ந்த 60 வினாக்களும், குழந்தை வளர்ச்சி பற்றிய 30 வினாக்களும் இந்தியிலும் ஆங்கிலத்திலுமே அச்சாகின்றன. தமிழில் மனத்திற் பதிந்த கணக்கை ஆங்கிலத்தில் இனங்காண்பதற்குள் நிமிடம் கடந்துவிடுகிறது. மேலும், பியாஜே கூறியது யாது என்பதோடு தேர்வு நிற்பதில்லை. ஒரு பிள்ளை கூட்டலில் ஒரே பிழையைத் திரும்பத் திரும்பச் செய்தால் ஆசிரியர் செய்யத்தக்கது யாது என்றும் வினவுகிறது. மனப்பாடம் அங்கே கைகொடாது.

மூன்றாவது காரணம் வீடு. ஊரில் மாமியாரும் நாத்தனாரும் பகிர்ந்துகொள்ளும் சுமை, அயலூரில் ஒருவர் தலைமேலேயே விழுகிறது. அடுக்களை ஓய்ந்து இரவு பத்து மணிக்குப் புத்தகத்தை விரித்தால் எவருக்குத்தான் படிப்பு ஏறும்?

அடுத்த முறைக்குக் கணிதச் சொற்களை இரு மொழியிலும் ஒரு நோட்டில் எழுதி வைத்துப் பயின்றார். ஞாயிறுதோறும் கடிகாரத்தை எதிரில் வைத்துப் பழைய வினாத்தாள் ஒன்றை முழுதும் எழுதினார். அந்த இரண்டரை மணியும் குழந்தையும் அடுப்பும் எமது பொறுப்பு. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லையாதலால், எவ்வினாவையும் விடாதிருக்கப் பழகினார். 94 பெற்றுத் தேறினார்.

இச்சான்றிதழே வேலை ஆகிவிடாது. கேந்திரிய வித்யாலயம் போன்ற பள்ளிகளுக்கு விண்ணப்பிக்க ஒரு தகுதி, அவ்வளவே. ஆனால் 2021 முதல் அது ஆயுள் முழுதும் செல்லும். நம் குடும்பங்களில் பெட்டிக்குள் உறங்கும் பட்டங்கள் பல. அவற்றுக்கு உரியவர்களுக்கு வாரம் இரண்டரை மணி நேரத்தை வீட்டார் ஒதுக்கித் தருவார்களாக.