அதிரசப் பாகு

தீபாவளி இனிப்பைக் கடையிலேயே வாங்கிவிடலாமென்று சொல்லும் வீடுகள் பெருகிவிட்டன. லட்டு, மைசூர்ப்பாகு விஷயத்தில் நமக்கு ஆட்சேபமில்லை. அதிரசத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அதன் வித்தை எழுத்தில் முழுதும் அடங்காதது. ஒரு தலைமுறை செய்யாமலிருந்தால் கைவிட்டுப் போய்விடும்.

பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து வடித்து, நிழலில் துணிமேல் பரப்பி, ஈரப்பசை இருக்கும்போதே இடித்துச் சலிக்க வேண்டும். (கடையில் விற்கும் உலர்ந்த மாவு இதற்கு உதவாது.) 1 கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். பிறகுதான் பரீட்சை! கிண்ணத்து நீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டால், அது கரையாமல் மெத்தென்று உருள வேண்டும். உஷ்ணமானியில் பார்த்தால் ஏறக்குறைய 115 டிகிரி சென்டிகிரேடு. நம் பாட்டிமாருக்கு இரண்டு விரலே போதும். பதம் இளகினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துவிடும். முற்றினாலோ பல்லுக்குச் சோதனை. இறக்கி, ஏலம், சுக்குப் பொடியுடன் மாவைத் தூவிக் கிளறி, ஒரு நாளாவது மூடிவைத்து, பின் தட்டிச் சிறுதீயில் பொரித்து, இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கிடையே எண்ணெயை அழுத்தி வடிக்கலாம்.

பாகு காயும்போது, பெண்ணோ பிள்ளையோ, வீட்டுக் குழந்தையைக் கிண்ணத்தருகே உட்காரவையுங்கள். ஆறிய சொட்டை அதுவே உருட்டிப் பார்க்கட்டும். உருட்டியதைத் தின்னவும் விடுங்கள்.